ஒரே உடம்புக்கு எத்தனை ஃபைல்? – வாசகியர் கேள்வி, மருத்துவர் குழு பதில்

இருபதிலிருந்து நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் பெண்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நாள்பட்ட நோய்கள் சேர்ந்து வருவதைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். கடிதங்களைப் படித்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. சுகருக்கு ஒரு டாக்டர், தைராய்டுக்கு ஒருவர், மாதவிலக்குக்கு இன்னொருவர் என்று பார்க்கிறார்கள். மூன்று ஃபைலையும் ஒரே மேஜையில் விரித்துப் பார்த்தவர் யாரும் இல்லை. அதனால் சில பதில்கள் கேட்டதைவிட நீண்டுவிட்டன.

பனியன் கம்பெனியில் தையல் வேலை. வயது 36. போன வருஷம் பிரஷர், இந்த வருஷம் சுகர். தைராய்டு மாத்திரை கல்யாணத்துக்கு முன்பிருந்தே சாப்பிடுகிறேன். மாத்திரை வாங்க லீவு போடவும் முடியவில்லை. அக்காவுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் ஏன் இப்படி வரிசை கட்டி வருகிறது?
– வாசகி, திருப்பூர்

மூன்றும் ஒரே வகை இல்லை. பிரஷரும் சுகரும் பெரும்பாலும் ஒரே வேரில் முளைப்பவை. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது. அதே கோளாறுதான் ரத்தக் குழாயையும் சிறுநீரகத்தையும் பாதித்துப் பிரஷரை ஏற்றுகிறது. கெட்ட கொழுப்பு, கல்லீரலில் கொழுப்பு என்று அடுத்து வருபவையும் இதே வரிசைதான். தைராய்டு குறைபாடு அப்படி இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பியையே தாக்குவதால் பெரும்பாலும் வருவது அது. உடம்பு பெருத்ததால் வந்தது அல்ல. ஆனால் அதைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் கொழுப்பு ஏறும், மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமாகும், அதனால் ரத்தசோகை வரும். இப்படித்தான் ஒன்று இன்னொன்றுக்கு ஆள் சேர்க்கிறது.

முதலில் பார்க்க வேண்டிய விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை. உங்கள் பிரசவங்களில் என்ன நடந்தது? கர்ப்ப காலத்தில் சுகர், பிரஷர், நாள் நிறையும் முன்பே பிரசவம், இரண்டரை கிலோவுக்குக் குறைவான குழந்தை, திரும்பத் திரும்பக் கருச்சிதைவு – இவை ஒவ்வொன்றும் பின்னாளில் சுகரோ இதய நோயோ வரக்கூடும் என்பதற்கான முன்னறிவிப்பு. கர்ப்பகாலப் பிரஷரோடு சிறுநீரில் புரதமும் போனவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. இவ்வளவு முக்கியமான தகவலைப் பொது மருத்துவர் கேட்பது அபூர்வம், நாமும் சொல்வதில்லை. பிரசவ ஃபைல் பரண்மேல்தான் கிடக்கும். இறக்கி, ஒரு தாளில் ஐந்து விஷயம் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: குளுக்கோஸ் குடித்துப் பார்த்த சர்க்கரை அளவு, அட்டையில் இருப்பதிலேயே அதிகமான பிரஷர், சிறுநீரில் புரதம் போனதா, எத்தனையாவது வாரத்தில் பிரசவம், குழந்தையின் எடை. அடுத்த முறை எந்த டாக்டரிடம் போனாலும் அந்தத் தாளையும் எல்லா மாத்திரை அட்டைகளையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.

அக்காவோடு ஒப்பிட வேண்டாம். ஒரே பெற்றோரின் பிள்ளைகள் என்றாலும் மரபு ஒரே அளவில் இறங்காது. நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்து வேலை பார்ப்பது, ஓவர்டைம், ஐந்து மணி நேரத் தூக்கம், மிச்சமாகும் சோற்றை வீணாக்க மனமில்லாமல் தட்டில் போட்டுக்கொள்வது எல்லாமே கணக்கில் சேரும். வேலையை மாற்ற முடியாது. ஆனால் மணிக்கு ஒரு முறை எழுந்து இரண்டு நிமிடம் நடக்கலாம். மதியமும் இரவும் சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரை குறைகிறது. நான்கு பேர் வீட்டுக்கு மாதம் 600 கிராம் உப்பு, 2 லிட்டர் எண்ணெய் என்பதை எல்லையாக வையுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருக்கும் உப்பும் இந்த 600 கிராமில் அடக்கம் என்பதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

மாத்திரை வாங்க லீவு போட முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

வயது 37, எடை 54 கிலோ, உயரம் 155 செ.மீ. பார்க்க ஒல்லிதான். அப்பாவுக்கு சுகர். பேங்க் வேலை, உடற்பயிற்சி கிடையாது. எனக்கும் வருமா?
– வாசகி, கும்பகோணம்

எடை-உயரக் கணக்கில் உங்களுக்கு 22.5 வருகிறது. நம் நாட்டினருக்கு 23க்குக் கீழே இருந்தால் சரியான எடை. ஆனால் தராசு ஒல்லி என்று சொன்னால் போதாது, டேப்பும் சொல்ல வேண்டும். தையல் டேப்பை எடுங்கள். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளக்காதீர்கள். அது ஆளுக்கு ஆள் ஏறும் இறங்கும். கடைசி விலா எலும்பின் கீழ்முனைக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், துணி இல்லாமல், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், டேப் இறுக்காமல் நேராக இருக்கும்படி அளக்க வேண்டும். வயிற்றை எக்கினால் ஏமாறுவது நீங்கள்தான். பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.

சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2005இல் வெளியிட்ட மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது. ரத்தம் எடுக்காமல் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். வயது 35க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, அதற்கு மேல் 30. பெண்ணின் இடுப்பளவு 80க்குக் கீழ் 0, 80 முதல் 89 வரை 10, 90ஐத் தொட்டால் 20. உடற்பயிற்சியும் உண்டு, வேலையும் உடலுழைப்பு என்றால் 0. இரண்டில் ஒன்று மட்டும் என்றால் 20. இரண்டும் இல்லை என்றால் 30. பெற்றோரில் ஒருவருக்கு சுகர் என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டுத்தொகை 60ஐத் தொட்டால் ஆபத்து அதிகம், 30 முதல் 50 வரை நடுத்தரம்.

உங்கள் இடுப்பளவு 86 என்று வைத்துக்கொள்வோம். 20+10+30+10 = 70. ஒல்லியான உங்களுக்கே 70. தினமும் நடந்து, இடுப்பு 80க்குள் வந்தால் இதுவே 50 ஆகிவிடும். அப்பாவின் 10ஐயும் வயதின் 20ஐயும் யாராலும் குறைக்க முடியாது. குறைவதெல்லாம் மற்ற இரண்டில்தான்.

இந்த முறையில் ஒரு ஓட்டை உண்டு. 35 வயதுக்குக் கீழ் என்றால் பூஜ்யம் போட்டு நகர்ந்துவிடும். கர்ப்பகாலச் சர்க்கரை வந்ததா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்காது. ஆகவே 28 வயதில் 30 மதிப்பெண் வந்தது, தப்பித்தோம் என்று இருந்துவிடாதீர்கள். அரசின் தொற்றா நோய்ப் பரிசோதனை முகாம்களும் பெரும்பாலும் 30 வயதைத் தாண்டியவர்களைத்தான் முக்கியமாகத் தேடுகின்றன. இருபதுகளில் இருப்பவர்கள் தாங்களாகவே போய்க் கேட்டால்தான் உண்டு.

கர்ப்பமாக இருந்தபோது சுகர் என்றார்கள். பிரசவத்துக்கு மறுநாள் பார்த்தபோது நார்மல். ஒரு வருஷம் ஆகிறது. இனி எதற்கு டெஸ்ட் என்கிறார் மாமியார்.
– வாசகி, விருதுநகர்

மறுநாள் நார்மலாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள்தான் இன்சுலினைத் தடுத்துக்கொண்டிருந்தன. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் சர்க்கரை இறங்கிவிடும். ஆனால் கணையத்தின் இன்சுலின் கையிருப்பு குறைவு என்பது வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பின்னாளில் நிரந்தர சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, வராதவர்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு.

எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதைத் தமிழ்நாடு 2007லேயே கொண்டுவந்துவிட்டது. வெறும் வயிறோ சாப்பிட்டதோ பார்க்காமல் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று முடிவு செய்யும் எளிய முறை சென்னை மருத்துவர் வி. சேஷையா பாடுபட்டுப் பரப்பியது. கர்ப்பத்தில் இவ்வளவு கவனமாகப் பார்க்கிறோம், பிரசவத்துக்குப் பின் கோட்டை விடுகிறோம்.

பிரசவத்துக்குப் பிறகு ஆறாவது வாரத்தில் செய்ய வேண்டிய டெஸ்ட் இது. எட்டு மணி நேரம் வெறும் வயிறு. முதல் ரத்தம். பிறகு 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டால் குமட்டல் குறையும். அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு நாள் திரும்பச் செய்ய வேண்டும். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்து இரண்டாவது ரத்தம். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று நடந்தால் அளவு மாறும். வெறும் வயிற்றில் 126 அல்லது இரண்டு மணி நேரத்தில் 200 எட்டினால் சர்க்கரை நோய். இரண்டு மணி நேர அளவு 140 முதல் 199 என்றால் எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள். வெறும் வயிற்று ரத்தம் மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் இந்த எல்லைக்கோட்டுக்காரர்களில் பலர் தப்பிவிடுவார்கள்.

மூன்று மாத சராசரி எனப்படும் ஹெச்பிஏ1சி போதாதா என்று கேட்பீர்கள். பிரசவத்தை ஒட்டி அதை நம்ப முடியாது. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அந்த அளவு இருப்பதைவிட ஏறிக் காட்டும். சமீபத்தில் ரத்தம் நிறையப் போயிருந்தாலோ ரத்தம் ஏற்றியிருந்தாலோ இறங்கிக் காட்டும். தேசிய குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில் தமிழ்நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை, 40 பேருக்கு அதிக எடை. இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது இங்கே சகஜம். ஆகவே சுகர் ரிப்போர்ட்டைக் கையில் எடுக்கும்போது ஹீமோகுளோபின் அளவையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

உங்களுக்கு ஒரு வருஷம் தாண்டிவிட்டது, பரவாயில்லை, இந்த வாரம் செய்யுங்கள். நார்மல் என்றாலும் வருடம் ஒரு முறை. இதைப் படிக்கும் மற்ற தாய்மார்களுக்கு: குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடும் நாள் தெரியுமல்லவா, அன்றைக்கே சாப்பிடாமல் போய் இதையும் முடித்துவிடுங்கள். இரண்டாவது குழந்தைக்குத் திட்டமிட்டால் அதற்கு முன்பே ஒரு முறை, கர்ப்பம் உறுதியானதும் முதல் விசிட்டிலேயே இன்னொரு முறை. மாமியாரிடம், தாய்ப்பால் கொடுப்பதும் இந்த ஆபத்தைக் குறைக்கிறது என்று சொல்லுங்கள். அது அவருக்குப் பிடிக்கும்.

மகளுக்கு 17 வயது. பீரியட்ஸ் மூன்று மாதம், நாலு மாதம் தள்ளிப் போகிறது. ஸ்கேனில் சினைப்பையில் நீர்க்கட்டி என்று வந்தது. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்கிறார்கள். கழுத்தில் வேறு கருப்பாக இருக்கிறது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.
– ஒரு தாய், வேலூர்

தேய்ப்பதை நிறுத்துங்கள். பின்கழுத்தில், அக்குளில் வெல்வெட் போல் தடித்துக் கறுப்பது அழுக்கு அல்ல. ரத்தத்தில் இன்சுலின் அதிகமாகச் சுற்றுவதன் வெளி அடையாளம். ஸ்கேன் ரிப்போர்ட்டைவிட இது முக்கியமான தகவல்.

வயதுக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகும் வரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டி நோயை முடிவு செய்யக் கூடாது. அந்த வயதில் சினைப்பையில் நிறைய கருமுட்டைப் பைகள் தெரிவது இயல்பு. அவை அறுவை செய்து எடுக்க வேண்டிய கட்டிகளும் அல்ல. மாதவிலக்கு ஒழுங்கின்மையும், ஆண் ஹார்மோன் மிகுந்திருப்பதும் – முகத்தில் தாடை ஓரம் முடி, தீராத பரு, அல்லது ரத்தத்தில் அளவு – சேர்ந்து இருந்தால்தான் இந்த வயதில் பிசிஓஎஸ் என்று சொல்லலாம். தைராய்டு, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரண்டையும் பார்த்து, அவை காரணமில்லை என்று உறுதி செய்தபின்.

கல்யாணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இருக்கும் எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைந்தாலே பல பெண்களுக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வருகிறது. 70 கிலோ இருந்தால் நாலு முதல் ஏழு கிலோ. 50 கிலோவாக்கிக் காட்டுகிறேன் என்று பட்டினி போடாதீர்கள். 90 நாளைத் தாண்டியும் வராவிட்டால் டாக்டரிடம் சொல்லி மாத்திரை கொடுத்து வரவழைக்க வேண்டும். மாதக்கணக்கில் உதிரம் வெளியேறாமல் இருந்தால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்து, பிற்காலத்தில் புற்றுநோய் வரை போகலாம். பிரஷர், இடுப்பளவு வருடம் ஒரு முறை. குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் டெஸ்ட் இப்போது ஒரு முறை, பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை. மனச்சோர்வும் இந்தப் பெண்களுக்கு அதிகம். "மூஞ்சியில என்னடி மீசை?" என்று வீட்டிலேயே கேட்பதை நிறுத்தினால் அதில் ஒரு பங்கு குறையும்.

தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், சுகருக்கு மெட்ஃபார்மின் – நாலும் காலையில் காபியோடு போட்டுக்கொள்கிறேன், மறந்துவிடக் கூடாதென்று. தைராய்டு டெஸ்டில் பார்க்கும் டி.எஸ்.எச். அளவு குறையவே இல்லை. டோஸைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள்.
– வாசகி, நாகர்கோவில்

டோஸ் போதவில்லை என்பதல்ல விஷயம், மாத்திரை உடம்பில் சேரவே இல்லை. இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். காபி தன் பங்குக்குத் தடுக்கும். அதே காபி இரும்புச்சத்தையும் உள்ளே விடாது. கால்சியமும் இரும்பும் சேர்ந்தால் இரும்பு தோற்கும். நாலு மாத்திரையில் உருப்படியாக வேலை செய்வது மெட்ஃபார்மின் ஒன்றுதான்.

இப்படி மாற்றிப் பாருங்கள். காலை 5.30க்கு எழுந்ததும் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரில். 6.30க்குக் காபி. 8.30க்கு இட்லியோடு மெட்ஃபார்மின். 11 மணிக்கு இரும்புச்சத்து மாத்திரை, பாதி நெல்லிக்காயோடோ எலுமிச்சைத் தண்ணீரோடோ. ஆபீசில் அந்த நேரத்து டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். கால்சியம் இரவுச் சாப்பாட்டோடு. தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு, கால்சியம் இரண்டுக்கும் நாலு மணி நேர இடைவெளி இருந்தால் போதும், கணக்கு அவ்வளவுதான். காலையில் முடியாதென்றால் தைராய்டு மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம்; அப்போது கால்சியத்தை மதியத்துக்கு மாற்றுங்கள்.

நேரத்தை மாற்றிய ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். பாருங்கள். இதுவரை கூட்டிவைத்த டோஸ் இப்போது முழுசாகச் சேர ஆரம்பிக்கும் என்பதால் அளவு அதிகமாகிப் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரலாம். நேரம் மாற்றியதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேஸுக்கு என்று தினமும் போடும் பான்டோபிரசோல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அது தைராய்டு, இரும்பு இரண்டுக்குமே இடைஞ்சல். மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையும். கால் எரிச்சலை "சுகர் நரம்பு" என்று விட்டுவிடாமல் பி12 அளவைப் பாருங்கள். இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பு. ஹீமோகுளோபின் 12 வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். உடம்பின் கிடங்கு நிரம்ப இன்னும் மூன்று மாதம் வேண்டும்.

பிரஷருக்கு டெல்மிசார்டன் 40 சாப்பிடுகிறேன். வயது 31. இரண்டாவது குழந்தை வேண்டும் என்று நினைக்கிறோம். முதல் பிரசவத்தில் பிரஷர் ஏறி 34 வாரத்தில் ஆபரேஷன்.
– வாசகி, சேலம்

கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் போங்கள், நாள் தள்ளிப்போன பிறகு அல்ல. டெல்மிசார்டன், லோசார்டன், எனலாபிரில், ராமிபிரில் எல்லாமே கருவின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. பனிக்குட நீர் வற்றிப் போகும். ஆனால் நீங்களாக நிறுத்தவும் கூடாது. கட்டுப்பாடில்லாத பிரஷரும் அதே அளவு ஆபத்து. லேபட்டலால், மெத்தில்டோபா, நீண்ட நேரம் வேலை செய்யும் நிஃபெடிபின் ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றி, பிரஷர் நிலைப்பட்டபின் கர்ப்பத்துக்குத் திட்டமிடலாம். கொழுப்புக்கு ஸ்டாட்டின் சாப்பிட்டால் அதுவும் நிறுத்த வேண்டியது. சுகர் இருந்தால் ஹெச்பிஏ1சி 6.5க்குள் வரட்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் கர்ப்பம் உறுதியான அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள். பொதுவாக டோஸ் 20–30 சதவீதம் கூட வேண்டியிருக்கும். ஃபோலிக் அமிலம் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும். முதல் பிரசவத்தில் உங்களுக்கு நடந்ததை வைத்து, 12வது வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். தேவைப்படும் வகை நீங்கள்.

வீட்டில் பார்க்க மேல்கையில் கட்டும் மெஷின் வாங்குங்கள், மணிக்கட்டு மாடல் வேண்டாம். மேல்கையின் சுற்றளவு 32 செ.மீ. தாண்டினால் பெரிய பட்டை கேட்டு வாங்க வேண்டும். சின்னப் பட்டையைப் பருத்த கையில் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, காபி குடித்து அரை மணி ஆனபின், முதுகு சாய்த்து, கால் தரையில் பதித்து ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். வீட்டில் 135/85 என்பது ஆஸ்பத்திரியின் 140/90க்குச் சமம்.

பிரஷர் இருக்கிறது. கருத்தடை மாத்திரை சாப்பிடலாமா? ஒற்றைத் தலைவலியும் உண்டு, வருவதற்கு முன் கண்ணில் மின்னல் மாதிரி தெரியும்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

கூடாது. மாலா-என் உட்பட இரட்டை ஹார்மோன் உள்ள எந்த மாத்திரையும் உங்களுக்கு ஆகாது. கண்ணில் மின்னல் தெரியும் தலைவலியோடு அதைச் சாப்பிட்டால் பக்கவாத ஆபத்து கூடுகிறது. கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி 380ஏ பத்து ஆண்டு வரை போதும், ஹார்மோன் கிடையாது. ஆனால் உதிரப்போக்கைக் கொஞ்சம் கூட்டும் என்பதால் ரத்தசோகை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தினமும் இல்லாமல் வாரத்துக்கு ஒன்றிரண்டு மட்டும் சாப்பிடும் சாயா என்ற கருத்தடை மாத்திரையும் அரசு மருத்துவமனையில் இலவசம்: முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. பிசிஓஎஸ் இருப்பவர்களுக்கு சாயா ஒத்துவராது.

முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் காகிதத்தில் மடித்துத் தரும் செட் மாத்திரை உடனே கேட்கிறது. ஆறு மாதமாகச் சாப்பிடுகிறேன். இப்போது சுகர், பிரஷர் இரண்டும் ஏறிவிட்டது.
– வாசகி, திண்டுக்கல்

உடனே கேட்பதுதான் சந்தேகத்துக்கு இடம். அட்டை இல்லாமல் பிரித்துத் தரும் செட்டில் பெரும்பாலும் ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, கூடவே ஒரு ஸ்டீராய்டு இருக்கும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், முகத்தை ஊத வைக்கும், எலும்பை அரிக்கும். டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை பிரஷரை ஏற்றும். பிரஷர் மாத்திரை வேலை செய்வதையும் கெடுக்கும். டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் சாப்பிடுபவர் இதையும் சேர்த்தால் சிறுநீரகம் திடீரென்று நிற்கலாம்.

ஆறு மாதம் சாப்பிட்டதை நாளைக் காலையே நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டு இருந்திருந்தால் உடம்பு தானாகச் சுரப்பதை மறந்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் பிரஷர் விழுந்து மயக்கம் வரலாம். மிச்சமிருக்கும் செட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்ப் படிப்படியாகக் குறையுங்கள். வலிக்கு பாராசிட்டமால், மேலே தடவும் ஜெல், தொடைத் தசைப் பயிற்சி. காலையில் விரல் மூட்டுகள் அரை மணிக்கு மேல் விறைத்திருந்தால் அது வயதின் தேய்மானம் அல்ல, முடக்குவாதமா என்று பார்க்க வேண்டும். இளம் பெண்களிடம் அதிகம் தவறவிடப்படும் நோய் அது.

எப்போதும் அசதி. ரத்தம் 11.8, தைராய்டு நார்மல். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். எதிலும் பிடிப்பில்லை.
– வாசகி, தஞ்சாவூர்

கடைசி வரிதான் பதில். கடந்த இரண்டு வாரத்தில் பாதி நாட்களுக்கு மேல் மனம் சோர்ந்திருந்ததா? பிடித்த காரியத்தில்கூட ஆர்வம் இல்லாமல் போனதா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் மனச்சோர்வுக்கு முறையாகப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சுகர், பிரஷர் இருப்பவர்களுக்கு மனச்சோர்வு அதிகம் வருகிறது. மனச்சோர்வு உள்ளவர்கள் மாத்திரையை விடுகிறார்கள், நடப்பதை விடுகிறார்கள், தூக்கம் கெடுகிறது, சுகர் மேலும் ஏறுகிறது. 14416 என்ற அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணில் தமிழில் இலவசமாகப் பேசலாம். 11.8ம் முழு நார்மல் அல்ல, 12க்குக் கீழே. உடம்பில் இரும்பின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்டை ஒரு முறை பாருங்கள்.

வயது 38. அதிக உதிரப்போக்கு, ஹீமோகுளோபின் 8.4. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், கூடவே சினைப்பையையும் எடுத்தால் கேன்சர் பயம் இல்லை என்கிறார்கள்.
– வாசகி, கடலூர்

இரண்டு முடிவுகளைத் தனித்தனியாக எடுங்கள்.

கர்ப்பப்பைக்கு முன்னால் கேட்க வேண்டியவை: டி.எஸ்.எச். பார்த்தார்களா? ஸ்கேனில் நார்க்கட்டி இருக்கிறதா, எங்கே, எத்தனை செ.மீ.? உள்சுவரிலிருந்து சதை எடுத்துப் பரிசோதித்தார்களா? எடை அதிகமோ பிசிஓஎஸ்ஸோ இருந்தால் அது அவசியம். உதிரப்போக்கு நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்சாமிக் அமிலம், கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில் இரண்டும் பலருக்குக் கத்தியைத் தவிர்த்திருக்கின்றன. காயில் ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் வேலை செய்யும். எதைத் தேர்ந்தாலும் 8.4ஐ ஏற்றிவிட்டுத்தான் ஆபரேஷன் பேச்சு.

சினைப்பை விஷயத்தில் நாங்கள் கறாராகச் சொல்வோம். மார்பக, சினைப்பைப் புற்றுநோய் குடும்பத்தில் பலருக்கு வந்து மரபணுக் கோளாறு உறுதியாகியிருந்தால் ஒழிய, 38 வயதில் ஆரோக்கியமான சினைப்பைகளை எடுக்க வேண்டாம். எடுத்த மறுநாளே மாதவிலக்கு நின்ற நிலை தொடங்கிவிடும். எலும்பு மெலியும், இதய நோய் ஆபத்து ஏறும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓல்ம்ஸ்டெட் கவுன்டிப் பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியான ஆய்வில், 46 வயதுக்கு முன் இரண்டு சினைப்பைகளும் எடுக்கப்பட்டவர்களிடம் நாள்பட்ட நோய்கள் மற்றவர்களைவிட வேகமாகச் சேர்ந்துகொண்டே போனது தெரிந்தது. ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள் ஐம்பது வயது வரை ஹார்மோன் மாத்திரை தேவையா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். நிறைய பேருக்கு யாரும் இதைச் சொல்வதே இல்லை.

வெற்றிலையோடு கொஞ்சம் புகையிலை. சிகரெட் இல்லையே, இதுவும் கெடுதலா?
– வாசகி, தேனி

கெடுதல். நிகோடின் வாய் வழியாகவும் ரத்தத்தில் சேர்ந்து பிரஷரை ஏற்றும். வாய்ப் புற்றுநோய் வரும். கர்ப்பத்தில் குழந்தை எடை குறையும். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் தருவதுதான். வீட்டில் விறகடுப்பு என்றால் நுரையீரலுக்கு அது இன்னொரு சுமை. கேஸ் தீர்ந்த நாளில் மட்டும் விறகு என்றால்கூட அடுப்பை வெளியே வையுங்கள்.

வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் குடித்தால் மெட்ஃபார்மினை நிறுத்தலாமா?
– வாசகி, ஈரோடு

நிறுத்த முடியாது. வெந்தயத்தின் நார்ச்சத்து சாப்பாட்டுச் சர்க்கரை ஏறும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். குடிப்பதானால் விதையையும் சேர்த்து மெல்லுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதைப் போட்ட கையோடு வெந்தயத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.